விளக்கணைந்தால் கையை எடு

செல்வமணி காலையில் லேபைத் திறந்ததும் முதலில் ட்யூப் லைட்டைப் போட்டுப் பார்ப்பாள். கிழக்கு ஜன்னல்கள் வழியாக வெயில் மேசை வரைக்கும் வந்து கிடக்கும். பகலில் எதற்கு விளக்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். வெளிச்சத்துக்கு இல்லை, பிள்ளைகளைக் கூப்பிடுவதற்கு என்பாள்.

நெடுமங்காடு போகிற சாலையில் இருக்கும் அந்தக் கல்லூரியில் காது கேளாத மாணவர்களுக்கென்று ஒரு டிகிரி வகுப்பு உண்டு. அதன் கெமிஸ்ட்ரி லேபில் செல்வமணி அட்டெண்டர். ஒன்பது வருஷமாக ஒப்பந்த வேலை. அப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கொத்து வேலைக்கு வந்தவர். இவள் பிறந்தது சாலை என்கிற கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில். படித்தது மலையாளத்தில், பத்தாவது வரை. புருஷன் லிங்கம் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் தோசைக்கல் முன்னால் நிற்கிறவர். வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்குக் கெமிஸ்ட்ரியும் தெரியாது, கைப்பேச்சும் தெரியாது. கண்ணாடிச் சாமானை உடைக்காமல் கழுவத் தெரியும் என்றாள், எடுத்துக்கொண்டார்கள்.

முதல் வாரத்திலேயே அது நடந்தது. அஜின் என்று ஒரு மாணவன் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். அவன் முழங்கைக்குப் பக்கத்தில், ஹாட் ப்ளேட்டின் விளிம்பில், கொதிக்கிற பீக்கர் பாதி வெளியே தள்ளி நின்றது. வாசலில் நின்ற செல்வமணி, கையை எடு, கையை எடு என்று கத்தினாள். அறையில் பத்துப் பேர் இருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. அவள் ஓடிப்போய்ச் சேருவதற்குள் பீக்கர் அவன் கை மேலேயே சரிந்துவிட்டது. மற்றவர்கள் என்ன ஏது என்று பார்த்ததே கண்ணாடிச் சில்லு காலடிக்கு வந்த பிறகுதான். அன்றைக்கு வீட்டுக்குப் போய் லிங்கத்திடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கத்தினது தன் காதில் மட்டும்தான் விழுந்தது என்றாள்.

விளக்கை அணைத்துப் போட்டுக் கூப்பிடுவது அந்தப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. சின்ன வகுப்பிலிருந்தே பழக்கம்தான். விளக்கு ஒரு தடவை போய் வந்தால் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆனால் நிமிர்ந்து பார்ப்பது மட்டும் லேபுக்குப் போதாது என்று செல்வமணிக்குப் பட்டது. பிடித்திருப்பதை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். அப்படி வந்ததுதான் அந்தச் சட்டம்: விளக்கணைந்தால் கையை எடு. என்ன வேலையாக இருந்தாலும் இரண்டு கையும் மேசையை விட்டு மேலே வர வேண்டும், கண் சுவிட்ச் போர்டுப் பக்கம் வர வேண்டும். யோசிக்கக் கூடாது. விளையாட்டாகவே பழக்கினாள். கடைசியாகக் கையைத் தூக்குகிறவர் அன்றைக்கு சிங்க் கழுவ வேண்டும். இரண்டு மாதத்தில் பத்துப் பேர் கையும் ஒன்றாக மேலே வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் மூத்தவர்களே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். காகிதத்தில் அது எங்கும் இல்லை.

வகுப்பெடுக்கிற ரெனி மிஸ் ஒரு தடவை கேட்டார். பியூரெட்டின் குழாயைத் திறந்து வைத்திருக்கும்போது கையை எடுத்தால் அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்குமே சேச்சி என்றார். செல்வமணி சிரித்தாள்.

"நான் பாத்துட்டுத்தானே மிஸ் அமுக்குவேன்."

அது உண்மை. சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் பார்ப்பாள். யார் கையில் பிப்பெட், யார் குழாயைத் திறந்திருக்கிறார், யாருடையது கொதிக்கிறது. எல்லாம் பத்திரமாக இருக்கிற அந்த ஒரு நிமிஷம் பார்த்துத்தான் அமுக்குவாள். ஒன்பது வருஷத்தில் அவள் அமுக்கி ஒரு சொட்டு வீணானதில்லை.

வீட்டிலும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. லிங்கம் குளியலறையில் இருந்தால் வெளியிலிருக்கும் சுவிட்சைத் தட்டுவாள். "நான் என்ன ஒன் காலேஜ் புள்ளையாட்டி? வாயத் தொறந்து கூப்புட்டா என்ன, தேஞ்சா போயிரும்?" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். "கூப்புட்டா மட்டும் ஒடனே வந்துருவீகளாக்கும்" என்று இவள் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அந்த லேபில் பாடம் நடப்பதே வேறு மாதிரி. காது கேட்கிற பிள்ளைகள் டீச்சர் சொல்வதைக் கேட்டுக்கொண்டே கையால் செய்துகொண்டிருப்பார்கள். இங்கே டீச்சரின் கையைப் பார்த்தால் தன் கையைப் பார்க்க முடியாது. அதனால் ரெனி மிஸ் முதலில் ஒரு வார்த்தை பேசாமல் செய்து காட்டுவார், பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். பிறகு அவர்கள் செய்வார்கள், டீச்சர் கையைக் கட்டிக்கொள்வார். சந்தேகம் என்றால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்க முடியும். இதனாலேயே நேரம் இரட்டிப்பாகும். மந்தமான பிள்ளைகள் என்று மற்ற டிபார்ட்மென்ட்காரர்கள் சொல்வதைச் செல்வமணி கேட்டிருக்கிறாள். கொதி வந்துவிட்டதா என்று ஸ்டாண்டின் காலில் ஒரு விரலை வைத்தே சொல்லிவிடுகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்; அதை அந்த டிபார்ட்மென்ட்காரர்களில் ஒருவரும் செய்ய மாட்டார்கள்.

நகத்தைக் கண்டுபிடித்ததும் செல்வமணிதான். பியூரெட்டில் பெர்மாங்கனேட், கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். கீழே ஃப்ளாஸ்கில் சூடான ஆக்ஸாலிக் அமிலம். சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுந்த நிறம் மறைந்துகொண்டே வரும். ஒரு சொட்டில் மறையாமல் வெளிர் ரோஜாவாக நிற்கும்போது குழாயை மூட வேண்டும். வெளிர் என்றால் எவ்வளவு வெளிர் என்பதில்தான் பிள்ளைகளுக்குத் தகராறு. ஒரு நாள் கழுவுகிறபோது, சரியாக வந்த ஃப்ளாஸ்கின் நிறம் தன் கட்டைவிரல் நகத்தின் நிறம் என்று கவனித்தாள். எல்லாரையும் கூப்பிட்டு ஃப்ளாஸ்க் பக்கத்தில் நகத்தை வைத்துக் காட்டினாள். அன்றிலிருந்து அந்த லேபில் கட்டைவிரல் நகத்தை ஒரு தட்டுத் தட்டினால், போதும், நிறுத்து என்று அர்த்தம்.

நகத்தின் நிறத்தை யாரையும்விடக் கச்சிதமாகப் பிடித்தவள் அஜிதா. போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற உச்சிமாகாளியின் மகள். ஒன்பது வயது வரை மலையை விட்டு இறங்காதவள். பிறகு ஹாஸ்டல், பிறகு இங்கே. குழாயைப் பாதி திருகி, சொட்டு விழுவதற்கு முன் முனையில் தொங்குகிறதே, அந்த அரைச் சொட்டை ஃப்ளாஸ்கின் வாயில் ஒற்றியெடுப்பாள். ரெனி மிஸ்ஸுக்கே அது எப்போதும் வராது. செல்வமணிக்கு அவள் வைத்த பெயர் மூக்கின் ஓரத்தில் ஒரு விரல். மூக்குத்தி. பிறகு வகுப்பு முழுக்க அதுவே பெயராயிற்று.

நகரத்தில் ஒரு குடிநீர்ப் பரிசோதனை லேபில் வருஷத்துக்கு இரண்டு பேரை அந்த வகுப்பிலிருந்து எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பார்ப்பது ப்ராக்டிகல் மார்க் மட்டும்தான். அஜிதாவுக்கு அதில் ஓரிடம் வேண்டும். கிடைக்காவிட்டால் பழவங்காடியில் ஒரு புடவைக் கடையில் மடித்து வைக்கிற வேலைக்கு அவள் அண்ணன் ஏற்கெனவே பேசி வைத்துவிட்டான். புடவை மடிப்பதும் நல்ல வேலைதானே என்று செல்வமணி ஒரு நாள் கையால் சொன்னாள். நல்ல வேலைதான் என்று அஜிதாவும் சொன்னாள். ஆனால் அங்கே சாயங்காலம் ஒருவரும், இன்றைக்கு உனக்கு அளவு என்ன வந்தது என்று கேட்க மாட்டார்கள் என்றாள்.

பரீட்சைக்கு வெளிக் கல்லூரியிலிருந்து எக்ஸாமினர் வந்தார். ரிடையர் ஆகப் போகிற வயது, தேய்த்த வேட்டி, மெதுவான பேச்சு. நல்ல மனுஷர். பிள்ளைகளுக்கு விதிப்படி கூடுதல் நேரம் உண்டு என்று ரெனி மிஸ் சொன்னபோது, தாராளமாகக் கொடுங்கள் என்றார். வாய்மொழிக் கேள்விகளை டீச்சரே கையால் மாற்றிச் சொல்லலாம் என்றார். விளக்கைப் பற்றி மட்டும் அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. ரெனி மிஸ் மறந்துபோனார். செல்வமணி மறக்கவில்லை, மிஸ் சொல்லியிருப்பார் என்று நினைத்தாள். சொல்லாமல் இருந்திருந்தாலும், வந்திருக்கிற சாரிடம் போய் நீங்கள் அந்தச் சுவிட்சைத் தொடக் கூடாது என்று அட்டெண்டர் எப்படிச் சொல்வது.

காலையில் ஆறு பேர். அஜிதா ஜன்னலோர மேசை. முதல் தடவை உத்தேசமாக, பத்தொன்பதுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாவது, பதினெட்டுப் புள்ளி நான்கு. அதே எண் இன்னொரு தடவை வந்துவிட்டால் கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். மூன்றாவதைத் தொடங்கினாள். செல்வமணி கழுவிய ஃப்ளாஸ்குகளைப் பெரிய ட்ரேயில் அடுக்கி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு சிங்க்கிலிருந்து வந்தாள். சுவிட்ச் போர்டைத் தாண்டித்தான் அலமாரிக்குப் போக வேண்டும். அஜிதாவின் இடது கை குழாயில், வலது கை ஃப்ளாஸ்கைச் சுழற்றிக்கொண்டிருந்தது. சொட்டுகள் இடைவெளி விட்டு விழ ஆரம்பித்திருந்தன. இன்னும் ஒரு நிமிஷம்தான் என்று செல்வமணிக்குத் தெரிந்தது.

எக்ஸாமினர் வராந்தாவிலிருந்து உள்ளே வந்தார். ஜன்னல் நிறைய வெயில். மேலே மூன்று ட்யூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. எந்த வீட்டிலும் பெரியவர்கள் செய்வதைத்தான் அவரும் செய்தார். போகிற போக்கில் சுவிட்சை அணைத்தார்.

ஆறு பேர் கையும் மேலே வந்தது.

அழகாகத்தான் இருந்தது. ஒருவரும் பிந்தவில்லை. பன்னிரண்டு கைகள் மேசையை விட்டு மேலே. ஆறு முகங்களும் சுவிட்ச் போர்டைப் பார்த்தன. எக்ஸாமினர் அதற்குள் தாண்டிப் போய்விட்டார்; அங்கே ட்ரேயோடு செல்வமணி மட்டும் நின்றாள். எப்போதும் நிற்கிற இடம். அஜிதா புருவத்தைத் தூக்கினாள். என்ன?

செல்வமணியின் கை இரண்டும் ட்ரேயில் இருந்தது. அதில் பதினாறு ஃப்ளாஸ்க். கீழே வைக்கப் பக்கத்தில் மேசை இல்லை. தலையை ஆட்டினாள், ஒன்றுமில்லை, குழாயை மூடு என்று கண்ணாலும் மோவாயாலும் காட்டினாள். அஜிதாவுக்குப் புரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையை இறக்காமல், செல்வமணி சொல்லப் போகிறதற்காகக் காத்திருந்தாள். அப்படித்தான் பழக்கியிருந்தது. "மூடு, பிள்ளே, மூடு" என்று செல்வமணி வாய்விட்டே சொல்லிவிட்டாள். அது அவள் காதில் மட்டும் விழுந்தது. எக்ஸாமினரும் திரும்பிப் பார்த்தார்.

அஜிதாவுக்குப் பின்னால் பியூரெட் அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது.

ட்ரேயைத் தரையிலேயே வைத்துவிட்டுச் செல்வமணி நிமிர்ந்தபோது ஃப்ளாஸ்க் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி ஆகிவிட்டது. அஜிதா திரும்பிப் பார்த்தாள். குழாயை மூடினாள். அளவைப் படித்தாள். இருபதைத் தாண்டியிருந்தது. பிறகு செல்வமணியைப் பார்த்து, இடுப்புக்குக் கீழே, மேசை மறைவில் விரல்களால் கேட்டாள். பதினெட்டு, நான்கு. எழுதட்டுமா?

எக்ஸாமினருக்குக் கைப்பேச்சு தெரியாது. செல்வமணி தலையசைத்தால் போதும். எத்தனையோ லேபில் எத்தனையோ அட்டெண்டர்கள் காதோடு சொல்லிவிட்டுப் போகிறதுதான். இப்போது அவள் கை இரண்டும் காலியாக இருந்தது. ரெனி மிஸ் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதையும் அவள் பார்த்தாள். அவர் முகத்தில் வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை. பயம் மட்டும் இருந்தது. செல்வமணி இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டாள்.

அஜிதா குனிந்து, வந்த அளவையே எழுதினாள். நேரம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. நாலாவது தடவைக்கு எல்லாவற்றையும் மறுபடி நிரப்பினாள். அவசரத்தில் நீர்த்த கந்தக அமிலத்தை ஊற்ற மறந்துவிட்டாள். மூன்று வருஷத்தில் அவள் அதை மறந்து செல்வமணி பார்த்ததில்லை. அது இல்லாமல் ரோஜா வரவே இல்லை. ஃப்ளாஸ்க் பழுப்பாகக் கலங்கி, பால் விடாத கட்டன் சாயா மாதிரி நின்றது. எக்ஸாமினர் அவள் மேசைக்கு வந்தபோது அதைத்தான் பார்த்தார். வருத்தமாகத்தான் தலையை ஆட்டினார். சிவப்பு மையில் ஏதோ எழுதினார்.

மற்ற ஐந்து பேருக்குப் பெரிய சேதமில்லை. இரண்டு பேர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குப் பிப்பெட்டில் ஏற்றியது சிந்தியது, மறுபடி ஏற்றிக்கொண்டாள். மற்ற இருவரும் இன்னும் சூடாக்கவே ஆரம்பிக்கவில்லை.

காலை பேட்ச் முடிந்ததும் செல்வமணி ரெனி மிஸ்ஸை அலமாரிப் பக்கம் கூப்பிட்டாள். விளக்கு விஷயத்தைச் சாரிடம் சொல்லுங்கள், அஜிதாவுக்கு மட்டும் இன்னொரு வாய்ப்புக் கேளுங்கள் என்றாள். மிஸ் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். சார் கோபப்படவில்லையாம். நான் ஒரு லைட்டை அணைத்தேன், அதற்கு மேல் என்ன செய்தேன் என்று உண்மையாகவே புரியாமல் கேட்டாராம். எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புகிறேன் என்றாராம். எழுதிக் கொடுத்தால் ஆறு பேருக்கும் மறுபடி பரீட்சை வைத்துவிடுவார்கள் என்றார் மிஸ். நன்றாகச் செய்த ஐந்து பேர் என்ன பாவம் செய்தார்கள்? அப்புறம், விளக்கணைந்தால் குழாயைத் திறந்து வைத்தபடி கையை எடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டது யார் என்று கேட்பார்கள். அது எந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது என்று கேட்பார்கள்.

"சேச்சி இப்போ ஒன்னும் பறயண்டா," யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்றார் ரெனி மிஸ். அவர் கண் கலங்கியிருந்தது. அவருக்கும் வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலைதான்.

அஜிதாவைக் கூட்டிப்போக அம்மா வந்திருந்தாள். படியில் அஜிதாவின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் உச்சிமாகாளி; தம்பானூர் போய் மத்தியான பஸ்ஸைப் பிடித்தால்தான் இருட்டுவதற்குள் மலையேறலாம். அஜிதா கொஞ்சம் தள்ளித் தூணோரம் நின்றாள். செல்வமணி நேரே அவளிடம்தான் போனாள். நான் இல்லை, அந்த சார் என்று சொல்லக் கையைத் தூக்கினாள்.

அஜிதா கண்ணை மூடிக்கொண்டாள்.

கண்ணை மூடிவிட்டால் அவர்களிடம் எதையும் சொல்ல முடியாது. செல்வமணி தோளைத் தொட்டாள். அவள் தோளை உதறினாள், கண்ணைத் திறக்கவில்லை. இமைக்கடியில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தூக்கிய கையோடு செல்வமணி நின்றாள்.

"என்னக்கா ஆச்சு? செய்யலியா?" என்று உச்சிமாகாளி எழுந்து வந்தாள்.

"நல்லாத்தான் செஞ்சா. நடுவுல லைட்டு அணைஞ்சுபோச்சு."

உச்சிமாகாளி ஜன்னலைப் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள். "லைட்டு அணைஞ்சா இவளுக்கு என்னக்கா? பட்டப்பகலு. காதுதானே கேக்காது, கண்ணு நல்லாத் தெரியுமே."

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று செல்வமணிக்குத் தெரியவில்லை. அன்றைக்கு வெந்த அஜினின் கையிலிருந்தா, சிங்க் கழுவுகிற விளையாட்டிலிருந்தா? கடைசியில் ஒன்றை மட்டும் சொன்னாள். அணைச்சது நான் இல்லை, வந்திருந்த சார். அது இவளுக்குத் தெரியாது, நான்னு நெனைக்கா. வீட்டுல போய் ஆற அமர நீங்க எடுத்துச் சொல்லணும்.

உச்சிமாகாளி மகளைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள். "எனக்கு எங்கக்கா அவ்வளவு தெரியும்? சோறு, தண்ணி, தலவலி, பஸ்ஸு வருது. நாங்க பேசறது அவ்வளவுதான்."

ஃபோனில் எழுதி அனுப்பலாம் என்று செல்வமணிக்குத் தோன்றியது. மலைக்கு மேலே ஃபோனுக்கு சிக்னல் கிடைப்பதில்லை. கிடைத்தால், அஜிதாவுக்கு மலையாளமும் இங்கிலீஷும் படிக்கத் தெரியும். மலையாளத்தில் எழுத இவளுக்குத் தெரியும். ஆனால் என்ன எழுத? அணைத்தது நான் இல்லை என்று எழுதலாம். கையை எடுக்கச் சொன்னது யார்?

மத்தியான பேட்ச்சுக்கு மணியடித்தது. பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள். ரெனி மிஸ் வாசலில் நின்று பார்த்தார். செல்வமணி உச்சிமாகாளியின் கையைப் பிடித்து, பத்திரமாகப் போங்க என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

விளக்குகளைப் போட்டாள். ஆறு முகங்கள் நிமிர்ந்து, ஒன்றுமில்லை என்று தெரிந்து குனிந்தன. அவள் சுவிட்ச் போர்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். சுவிட்சுகள் முதுகெலும்பில் ஒவ்வொன்றாக உறுத்தின. எக்ஸாமினர் வந்து, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார். செல்வமணி நகரவில்லை. கூஜா மேசைமேல் இருக்கிறது சார் என்றாள். ஒன்பது வருஷத்தில் ஒரு சாருக்கு அவள் அப்படிப் பதில் சொன்னதில்லை. அவர் ஒரு கணம் பார்த்துவிட்டுத் தானே போய் ஊற்றிக்கொண்டார்.

அங்கிருந்து ஜன்னல் வழியாகப் பஸ் ஸ்டாப் தெரியும். அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். அஜிதா இப்போது கண்ணைத் திறந்திருந்தாள். அம்மாவுக்கு முன்னால் நின்று, வேகமாக, முழு வகுப்புக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தாள். குழாய். சொட்டு. நகம். அவ்வளவு தூரத்திலும் செல்வமணிக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது. பிறகு மூக்கின் ஓரத்தில் ஒரு விரல். அதே விரலால் காற்றில் ஒரு சுவிட்சை அமுக்கினாள்.

உச்சிமாகாளி தலையாட்டினாள். ஒன்றும் புரியாமல், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மகள் மறுபடியும் மூக்கைத் தொட்டாள், மறுபடியும் அமுக்கினாள்.

ஐம்பது அடி ஓடினால் போதும். லேபில் மூன்றாவது மேசையில் ஒருவன் குழாயைத் திறந்திருந்தான். எக்ஸாமினர் தம்ளரோடு இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தார். செல்வமணி முதுகை இன்னும் அழுத்திச் சாய்ந்துகொண்டாள். தம்பானூர் பஸ் வந்து நின்று, அவர்களை மறைத்தது.